இறக்கைக்கு வைத்த பொட்டு

ஓய்வு பெற்று விளாங்குடியில் வீடு கட்டிய கையோடு மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன்பின் எனக்கிருந்த போக்கிடம், நான் பாடம் நடத்தப் போன கீழக்குயில்குடிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில், விமான மாதிரிகளைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் காற்றுச்சுரங்க அறை மட்டும்தான். வகுப்பு இல்லாத நாளிலும் போய் உட்கார்ந்திருப்பேன். கணினிக் காய்ச்சல் பரவிய காலம் அது. அந்த அறையையும் கணினிக்கூடமாக்கத் தாளாளர் அளவெடுத்து வைத்திருந்தார்.

“கண்ணுக்குத் தெரியிற மாதிரி எதையாவது காட்டுங்க சார், அப்புறம் யோசிப்போம்” என்றார்.

காற்றைக் காட்ட ஒரு வழி உண்டு. விமான இறக்கையின் மாதிரியைச் சூடாக்கிக் காற்றோட்டத்தில் நிறுத்தினால், முன்பாதியில் காற்று மடிப்புக் கலையாத வேட்டி போல வழுக்கிப் போகும், சூடு தங்கும். ஓரிடத்தில் அது கலைந்து சுழலத் தொடங்கும். அங்கிருந்து சீக்கிரம் ஆறும். அகச்சிவப்புக் கேமராவில் சூடான இடம் வெள்ளையாகவும் ஆறிய இடம் கறுப்பாகவும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடும் தெரியும். மின்கம்பி இணைப்புகளின் சூட்டைப் பார்க்கும் நிறுவனம் ஒன்றிடம் கெஞ்சி, ஒரு காலைப்பொழுதுக்குக் கேமராவை இரவல் கேட்டேன். இறக்கைக்குக் கறுப்புப் பூச்சு அடித்து, ‘கையால் தொடாதீர்’ என்று எழுதி ஒட்டி, முறைப்படி பரிசோதித்துப் பூட்டி, சாவியை ஆய்வக உதவியாளரிடம் கொடுத்தேன். நடுவில் ஆயுத பூஜை வந்தது. என் முறைகளில் அதற்கு இடமில்லை.

விடுமுறை முடிந்த காலையில் கேமராவும் தாளாளரும் ஒருசேர வந்துவிட்டார்கள். விளக்கை அணைத்துக் காற்றை ஓட்டினேன். திரையில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்று கரிய ஆப்புகள் விரிந்து கிடந்தன.

“கோடுன்னீங்க. இது கோலமால்ல இருக்கு?” என்றார் தாளாளர்.

விளக்கைப் போட்டேன். முன்விளிம்பில் மூன்று இடத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஆய்வக உதவியாளர், ஏறக்குறைய என் வயதுக்காரர், தொண்டையைக் கனைத்தார்.

“பஸ்ஸுக்கு வச்சோம், லேத்துக்கு வச்சோம். இது மட்டும் மூளியா நிக்கலாமா சார்? கையால தொடலை. ஈர்க்குச்சியாலதான் வச்சேன்.”

ஒரு பொட்டின் தடிப்பே காற்றைக் கலைத்துவிடும், இது இன்னும் நல்ல சான்று என்றேன். துடைத்துவிட்டு மறுபடி சூடாக்கிக் காட்டுகிறேன் என்றேன்.

“சாமி கும்பிட்டு வச்சதைத் துடைக்கிறதா? வேணாம் சார், நல்லாவா இருக்கும்? கம்ப்யூட்டர் டேபிளெல்லாம் திங்கக்கிழமை வந்துரும். நான் வாரேன்” என்றார் தாளாளர்.

அவர் போனபின் துடைத்தோம். கோடு வந்தது, அடிக்கோல் வைத்து இழுத்தது போல.

உதவியாளர் எட்டிப் பார்த்தார். “அம்புட்டுத்தானா சார்?”

“அம்புட்டுத்தான்.”

அவர் டீ வாங்கப் போனார். காற்றை நிறுத்தினேன். இறக்கை ஆறியதும், நானே ஒட்டிய அறிவிப்பை மீறி உள்ளங்கையை அதன்மேல் பதித்து எடுத்தேன். திரையில் ஒரு வெள்ளைக் கை தெரிந்தது. மறுபடி காற்றை ஓட்டினேன். கோட்டுக்குப் பின்னால் கிடந்த உள்ளங்கை முதலில் மறைந்தது. வெளியே, கேமராவைத் திரும்ப எடுத்துப் போகக் காத்திருந்த நிறுவனத்து ஆள் ஹாரன் அடித்தார். கோட்டுக்கு முன்னால் கிடந்த விரல்கள் இன்னும் தெரிந்துகொண்டிருந்தன.