ஏழாம் நாள் எழும்பிய மூடி

காலை ஐந்து நாற்பது. பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டது அலமாரியில் இருந்த மாம்பழக்கூழ் டின்னின் மூடி. முந்தின நாள் வரை உள்வாங்கி இருந்த மூடி நடுவில் மேடாகியிருந்தது. விரலால் அழுத்தினேன். டக்கென்று உள்ளே போனது. கையை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

டின் என் மனைவியின் தம்பியுடையது. அம்பத்தூரில் லேத் வேலையை விட்டுவிட்டு, கையிலிருந்ததை எல்லாம் திருவள்ளூருக்கு மேற்கே ஒரு கூழ் ஆலையில் பங்காகப் போட்டிருந்தான். தூண்டியது நான் பத்திரிகையில் எழுதிய அரைப்பக்கம்: வேளாண் பொருள் பதப்படுத்தலில் முதலீட்டு வாய்ப்புகள். உப்பிய டின்னில் விஷம் இருக்கலாம் என்பதையும் அதன் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன்.

முதலில் அடைத்த டின்களில் ஒன்றைச் சூடான இடத்தில் பத்து நாள் வைத்துப் பார்க்கவேண்டும். மூடி எழும்பாவிட்டால்தான் மற்றவற்றை வெளியே விடலாம். கரையான்சாவடியில் எங்கள் அடுப்படிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதனால் எங்களிடம் வைத்தான். அன்று ஏழாம் நாள்.

ஆனால் இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சர்ச்சில் முதல் விளைச்சலைக் கடவுளுக்குக் கொடுக்கும் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வரும் பூசணி, கோழி, வாழைத்தாரை எல்லாம் ஏலம் விடுவார்கள். அவன் பன்னிரண்டு டின் கொண்டுவந்து வைத்தான்.

"இன்னும் பத்து நாள் ஆவலயே மச்சான்" என்றேன்.

"வித்ததுக்கு அப்புறம் குடுத்தா அது முதற்பலனா மாமா? மிச்சம்."

டின்களை அடுக்க நானும் கைகொடுத்தேன். பன்னிரண்டும் ஏலத்தில் போயின.

பண்டிகைக்கு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அவனை ஆறு மணிக்கு எழுப்பி மூடியைக் காட்டினேன். அவனும் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினான். டின்களை யார் யார் எடுத்தார்கள் என்று சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கு நினைவிருந்தது. வீடு வீடாகப் போனோம். பூந்தமல்லியில் ஒருவர் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"காணிக்கைய வாபஸ் வாங்குற மொத ஆளு நீதாம்பா."

"குடுத்துடு அண்ணாத்தே" என்றான் மச்சான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கொடுத்துவிட்டார்.

பகல் ஒன்றரைக்குள் பதினொன்று திரும்பின. பன்னிரண்டாவது வானகரத்தில், கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம். மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காலி டின்னில் ரோஜாப் பதியன் நட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமயே பால் ஊத்திக் கலக்கி பசங்களுக்குக் குடுத்துட்டேன். எனக்கு ஒரு சொட்டுகூட வெக்கல. இன்னா, இன்னொண்ணு தரப்போறியா?"

"பசங்க எங்கக்கா?" என்றான்.

"இஸ்கோலுக்குப் போயிக்கீது. எதுக்கு கேக்குற?"

சொன்னோம். அவள் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். ஆசுபத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று மூவருமாகப் பள்ளிக்கு ஓடினோம். மச்சானின் வலது கை கேட்டின் கம்பியை விடவே இல்லை. வாட்ச்மேன் உள்ளே போய் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துவந்தார். வரும்போதே அண்ணனும் தங்கையும் ஒரு பென்சிலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசுபத்திரியில் டாக்டர் நாக்கையும் கண்ணையும் பார்த்தார். இருவருக்கும் ஒன்றுமில்லை என்றார்.

ஆலையின் காவலாளி நாலு மணிக்குப் போன் செய்தார். கிடங்கில் எல்லா மூடிகளும் எழும்பியிருந்தன.