தாயி கார்டு

மாதேஸ்வரி என் அண்ணன் பொண்டாட்டி. என்னைவிடச் சின்னவ, ஆனாலும் நான் அண்ணின்னுதான் கூப்பிடணும். ஓசூர்ல வண்டிக்கு ஒயர் கட்டுற கம்பெனியில ரெண்டு பேரும் ஒரே லைன். அவ டேப் சுத்தின ஒயரை சூப்பர்வைசர் மறுபடி செக் பண்ண மாட்டான். அப்படிப்பட்டவளை, வயிறு தெரிஞ்சதும் காண்ட்ராக்டர் நாளையிலிருந்து வராதேன்னுட்டான். அதுவரைக்கும் இ.எஸ்.ஐ.யில பேரைச் சேர்க்கவே இல்ல, படுபாவி.

மிச்சம் இருந்தது எங்க வீட்டு முதலமைச்சர் காப்பீட்டு கார்டு ஒண்ணுதான். ஏரியா நர்ஸம்மா, "பிரசவத்தை இங்கயே வச்சுக்கோங்க, செலவில்லாம ஆயிரும்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. யார் கேட்டா? தலைச்சன் பிரசவம்னா தாய் வீடுதான். அவ தாய் வீடு பார்டர் தாண்டி கர்நாடகாவுல, ஆனேக்கல் பக்கம். வளையல் போட்டு அனுப்பிட்டோம்.

எட்டாம் மாசமே வலி எடுத்துருச்சு. அங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்துச்சு. மூச்சு விடத் திணறுது, பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கன்னுட்டாங்க. ஆம்புலன்ஸ்ல தாயையும் புள்ளையையும் ஏத்திக்கிட்டு, சேதி கேட்டு ஓடின எங்கண்ணனும் அவன் மாமியாவும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. எங்க கார்டைப் பார்த்துட்டு, தமிழ்நாட்டு கார்டு இங்க செல்லாது, "தாயி கார்டு இதெயா?", இருக்கான்னு கேட்டிருக்காங்க.

எங்கண்ணன் ராஜ்குமாருக்கு ஊரு நாகரசம்பட்டி, கன்னடம் அரைகுறை. தாயின்னா அம்மாதானே, மாமியா கார்டைக் கேக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டான் மடையன். வண்டிக்குள்ள இருந்த மாமியாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவங்களுக்குக் கன்னடம் தண்ணிபட்ட பாடு. கேக்கல. யாரோ ஒருத்தர் பைக்கை வாங்கிக்கிட்டு மாமியா வீட்டுக்குப் பறந்து, அவங்க ரேஷன் கார்டைக் கொண்டாந்து நீட்டியிருக்கான். கவுண்டர்ல இருந்தவன் சிரிச்சானாம். தாயி கார்டுங்கறது மாசமா இருக்கறவங்களுக்கு அந்த ஊரு நர்ஸு பதிஞ்சு குடுக்கற கார்டு. ஓசூர்ல பதிஞ்சவளுக்கு அது எங்கிருந்து வரும்?

முன்பணம் கட்டினா சேர்த்துக்கறோம்னாங்க. வழியில்ல. வண்டியை ஓசூருக்குத் திருப்பச் சொல்லிட்டான்.

அண்ணன் போன் பண்ணினதும் நான் ஷிஃப்டுல சொல்லிட்டு ஓசூர் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினேன். கார்டை வாங்கிப் பார்த்த நர்ஸ் பொண்ணு, "இது செல்லும்மா, ஒரு பைசா வேணாம், குழந்தையைக் குடுங்க"ன்னா. நல்ல பொண்ணு. அண்ணி துணியோட எடுத்துக் குடுத்தா. அந்தப் பொண்ணு விலக்கிப் பார்த்துட்டு எங்க மூஞ்சியைப் பார்த்தா. எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகைகூட வரல.

இப்ப அண்ணி வேற கம்பெனிக்குப் போறா. வர்றா, சோறாக்குறா, தூங்குறா. போன வாரம் துணி மடிச்சுக்கிட்டு இருந்தப்ப அவளா சொன்னா, ஓசூர் வர்ற வழியில அத்திப்பள்ளி தாண்டும்போதே புள்ளைக்கு மூச்சு நின்னது அவளுக்குத் தெரியுமாம்.

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல?"

மடிச்ச துணியை அடுக்கி வச்சா.

"சொல்லியிருந்தா கையிலிருந்து வாங்கியிருப்பாங்க, வினோதாக்கா."