நாங்கள் ‘பட்டன்’ என்று கூப்பிட்ட பெண்

முப்பது வருடங்களுக்கு முன் குரோம்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஓட்டும் மெஷின்தான் எங்களுக்குப் பெயர். நான் ‘காலர்’. பட்டன் மெஷினில் இருந்த பதினாறு வயதுப் பெண் ‘பட்டன்’.

ஒருநாள் கேட்டில் ஒருவர் கும்பிட்டபடி நின்றார். “எம் பொண்ணு செல்வி இங்கதானம்மா வேலை செய்யுது? நேத்து கம்பெனிக்குன்னு கிளம்புனவ வீடு திரும்பல.”

“அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்றேன். வேறு கம்பெனிகளில் தேடப் போய்விட்டார்.

சாயங்காலம் சூப்பர்வைசர், “பட்டன் எங்க, ரெண்டு நாளா காணோம்?” என்றார். அவர் தேடி வந்த செல்வி யாரென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு போலீஸ் வந்தும் செல்வி இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்குக் கூச்சம் அதிகம். ஆனாலும் இப்போது என் தையல் கடையில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் கேட்டுவிடுகிறேன்.

“இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி கேக்கற?” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.