லஹ்பீபின் நத்தைக் குண்டான்

காஸாபிளாங்காவின் பழைய நகர்ப்பகுதியில் முப்பத்தொரு வருடமாக நத்தைச் சாறு விற்றுவருகிறார் லஹ்பீப். ஆட்கள் ஊசியால் நத்தையைக் கெல்லித் தின்று, சாறைக் குடித்து, காலி ஓடுகளை வாளியில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வாளியைக் கொட்டிக் கொட்டியே மனிதர் அலுத்துவிட்டார். முட்டி இரண்டும் தேய்ந்தன, பேச்சும் குறைந்துபோயிற்று. காலி நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும் சிக்லிட் மீன் ஒன்று உண்டென்று மூன்று வருடம் முன்பு யாரோ சொல்ல, விரல் நீளம்கூட இல்லாத ஆறு வரிமீன்களை வாங்கிவந்தார்.

ஆறும் செத்தன. ஓடுகளை ஒரே தரம் கழுவிப் போட்டிருந்தார். உள்ளே ஊறியிருந்த சோம்பும் காரமும் தொட்டித் தண்ணீரில் இறங்கிவிட்டன. அடுத்த முறை ஓடுகளை ஒன்பது தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டார். புதிதாக வாங்கிவிட்ட மீன்கள் பிழைத்தன. குஞ்சுதான் பொரிக்கவில்லை.

"நாள் பூரா நத்தை, வீட்டுக்கு வந்தா அதோட ஓடு. உங்களுக்குச் சலிக்கவே சலிக்காதா?" என்பாள் மனைவி தாமு.

"சலிச்சுப்போயித்தான் வளர்க்குறேன். அங்க காலியாப் போற ஓட்டுல இங்க ஏதாச்சும் குடியிருக்கட்டுமே."

இதற்கிடையில், அவர்கள் குடியிருந்த கட்டடம் விழப்போகிறது, காலி செய்யுங்கள் என்று சுவரில் குறி போட்டுவிட்டார்கள். பிப்ரவரி மழையில் சாமான் வண்டி வர வேண்டிய காலையில்தான் ஓர் ஓட்டின் வாயில் நொய்யரிசி அளவில் ஏழு குஞ்சுகள் தெரிந்தன. வந்ததுதான் வந்தீர்கள், நேற்று வந்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டார்.

இந்த மீன் பயந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும். கண்ணாடியை ஒரு தட்டு தட்டினார். எல்லாம் உள்ளே போனதும் ஓட்டோடு எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்த பழைய நத்தைக் குண்டானில் தொட்டித் தண்ணீரை நிரப்பி வைத்தார்.

புது வீடு ஊருக்கு வெளியே, நான்காவது மாடி. மின்சாரம் வரவில்லை. தொட்டி ஹீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிற்பகலில் குண்டானில் கைவிட்டுப் பார்த்தார். தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தது, ஒரு மீனும் வெளியே வரவில்லை. கதை முடிந்தது என்றுதான் நினைத்தார். ஆனாலும் மனசு கேட்காமல் கீழே இறங்கி, கரண்ட்டு எப்போது வரும் என்று காவல்காரனிடம் கேட்டார்.

"மூணு நாளாவும்யா."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தால், குண்டான் அடுப்பில் இருந்தது. கீழே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து மூட்டை சுமந்த தாமுவின் தம்பி பூஷ்தா, சிலிண்டரைத் தூக்கிவந்து மாட்டிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"பசி உயிர் போவுது மச்சான். இப்பத்தான் பத்தவச்சேன். என்ன இது, நத்தையில வாசனையே இல்ல?"

லஹ்பீப் அடுப்பை அணைத்தார். "உப்புப் போட்டியா?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். அக்கா எந்த மூட்டையில கட்டுனாளோ, ஆப்புடல."

விரலை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டர் காக்கிற அதே சூடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஓட்டிலிருந்து தாய் தலையை நீட்டியது. அதன் ஓரமாக ஒன்று, இரண்டு, பிறகு நாலைந்து நொய்கள். வீட்டுக்குக் குறி போட்ட அன்றுகூடக் கலங்காத மனிதர், குண்டான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பூஷ்தா எட்டிப் பார்த்தான். "மீனா? அடக் கடவுளே, நான் ஊசியெல்லாம் எடுத்து வச்சிட்டனே."

பழைய வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து வாயே திறக்காத தாமு உள்ளறையிலிருந்து எழுந்து வந்தாள். குண்டானில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள்.

"கரண்ட்டு வர்ற வரைக்கும் அடுப்பு இதுங்களுக்குத்தான். நமக்கு ரொட்டியும் ஆலிவும் போதும்" என்றாள். "தள்ளி உக்காருங்க. ஆறிப்போச்சான்னு நான் பாத்துக்குறேன்."

லஹ்பீப் சுருட்டி வைத்திருந்த மெத்தை மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.