ப்ரோஆக்டிவ் என்றால் மேம்பாலம்

"ப்ரோஆக்டிவா இருங்க" என்று ஆபீசில் மேனேஜர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டிவிடுவேன். வருமுன் காப்பது என்ற அர்த்தம் இன்றைக்குத்தான் புரிந்தது.

காலையில் வானம் கறுத்தது. போன மழையில் எங்கள் சேலையூர் தெருவில் கார் மூழ்கிய பயம் இன்னும் போகவில்லை. ஒரு சொட்டு விழுவதற்குள் காரை மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏற்றினேன். அங்கே ஏற்கெனவே வரிசையாகக் கார்கள். கடைசியில் கிடைத்த இடத்தில் சொருகினேன்.

முன்னால் நின்ற காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"இப்பதான் வர்றீங்களா சார்? நான் நேத்தே ஏத்திட்டேன்."

கொஞ்ச நேரத்தில் வெயில் கொளுத்தியது. மனைவி போன் செய்தாள்.

"மழைதான் வரலையே, காரை எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா இடம் போயிடும்மா."

இதை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் காற்று வாங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் கார் எந்தப் பாலத்தில்?