பெட்ரோல் வாய்க்கு ஒரு கும்பா

கோச்சடையில் என் அத்தான் தன் கையாலேயே கட்டிய காரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அதன் முகம் அல்ல. பின்பக்கத் தகரத்துக்கு வெளியே நாலு விரற்கடை துருத்திக்கொண்டிருந்த பெட்ரோல் மூடிதான். பழைய லாரியின் அடிச்சட்டம், தச்சர் அடித்த மரக்கூண்டு, மேலே தகரம் என்று இரண்டு வருஷ உழைப்பு. அத்தனையும் என் அக்காவை உட்காரவைத்து ஓட்டுவதற்காக. முதல் பயணம் கொட்டாம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு. அக்கா இறங்கி வண்டியைச் சுற்றி வரும்போது பட்டுச்சேலை அந்த மூடியில் மாட்டி, கூட்டம் முழுவதும் பார்க்கக் கிழிந்தது.

“ஒண்ணு அந்த மூக்கு உள்ள போகணும், இல்ல நான் இதுல ஏற மாட்டேன்” என்றாள். சொன்னபடியே பஸ்ஸில் ஊர் திரும்பினாள். முன்சீட்டில் நான் மட்டும் இருக்க, அத்தான் அந்த பஸ்ஸின் புழுதியைத் தின்றுகொண்டே பின்னால் ஓட்டி வந்தார். மறுநாளிலிருந்து காரைக் கிளப்பவே இல்லை.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. தகரத்தில் வட்டமாக வெட்டி ஒரு கிண்ணத்தைப் பதிக்க வேண்டும். அதன் அடியில் துளையிட்டு, தொட்டியின் குழாயை நுழைத்து, ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். மூடி கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். “அகல வாயா ஒரு கும்பா கொண்டா மாப்ள” என்றார். பரணில் களிம்பேறிக் கிடந்த ஒன்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்.

பெட்ரோலை வடித்துவிட்டு, தொட்டி காலி என்று பெருமையாகச் சொன்னேன்.

“காலித் தொட்டிதான் மாப்ள வெடிக்கும். உள்ள ஆவி நிக்கும். வாய் வரைக்கும் தண்ணி ஊத்து.”

ஊற்றினேன். உள்ளே தண்ணீர்தான் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் உலகில் இல்லை. இருந்தும், அத்தான் கையிலிருந்த, பழுக்கக் காய்ந்த பற்றவைப்பு இரும்பு ஈரத்தில் பட்டுச் ‘சொய்ங்’ என்றதும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான நான், பிடித்துக்கொண்டிருந்த கும்பாவை விட்டுவிட்டு ஓடினேன். வேட்டி கொட்டகை ஆணியில் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. வைகையில் குதிப்பதுதான் என் திட்டம். வைகையில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. மணலில் குப்புற விழுந்து, வெடிச்சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, “என்னத்தண்ணே தொலைச்சீக?” என்று கேட்டாள். “வேட்டியை” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

திரும்பி வந்தபோது, அத்தான் ஒற்றைக் காலால் கும்பாவை அணைத்துப் பிடித்தபடி வேலையை முடித்திருந்தார். “ஏன் மாப்ள அம்புட்டுத் தூரம்? தெருமுனை பத்தாதா?” என்றார். அவ்வளவுதான் அவர் வைதது. புளியை எடுத்துக் கும்பாவின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். பித்தளை மின்னியது. மின்னிய இடத்தில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் எழுந்து வந்தன. அக்காவின் பெயர். கல்யாணச் சீருக்கு எங்கள் அப்பா பெயர் வெட்டிக் கொடுத்த கும்பா.

நெருப்புக்கு அஞ்சாத மனிதரின் கை நின்றுவிட்டது. “மாப்ள,” என்றார் மெதுவாக, “இப்ப ஓடலாம்.”

ஓட முடியவில்லை. அக்கா வாசலில் நின்றாள்.

கிட்டே வந்து குனிந்தாள். அப்பா வெட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பிறகு முந்தானையை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் மாட்டவில்லை.

“எம்பேரு போட்ட வண்டியில நான் ஏறாம வேற எவ ஏறுவா? தண்ணிய வடிச்சிட்டுக் கெளப்புங்க” என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. அன்று முதல் எனக்குப் பின்சீட்டுதான். பெட்ரோல் தொட்டிக்கு நேர் மேலே.