கூட்ஸ் ஆட்டோவில் போன அம்மா

என் சித்தி ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, மைசூரு அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கிப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஊரார் தூக்கிப்போடுவதையெல்லாம் அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். பாட்டுக் கேசட் அட்டை, தீப்பெட்டிப் படம், மழையில் நனைந்த சினிமா போஸ்டர். அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பாணியில் புதிதாக வரைவாள். இதுதான் இப்போதைய கலை என்பாள் சித்தி. குப்பை என்பாள் அம்மா. எட்டு வயதில் எனக்கு இரண்டுமே சரியென்று பட்டது.

அந்த வருஷம் தசரா சமயத்தில், ஊரிலிருந்த இளம் ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய பங்களாவில் கண்காட்சி வைத்தார்கள். சித்தி மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். உள்ளே போக எனக்கு மட்டும் அனுமதி.

பலகையில் இருந்தது என் அம்மா! ஆளுயரத்துக்கும் மேலே, சினிமா பேனரில் கதாநாயகியை வரைவதுபோல, கன்னத்தில் ரோஸ், நெற்றியோரம் நீலம், கண்ணில் கூலிங் கிளாஸ். யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் அம்மா உட்கார்ந்திருந்த பழைய போட்டோ ஒன்று சித்தி கையில் சிக்கியிருந்தது. படத்தில் அந்த ஸ்கூட்டர் சாமுண்டி மலைக்கு மேலே பறந்தது. கீழே கொட்டை எழுத்தில் ‘இன்று முதல்’.

“அம்மாகிட்ட சொல்லிடாதே கண்ணு. தெரிஞ்சா ஸ்கூட்டர் மலைக்குப் போகாது, அடுப்புக்குத்தான் போகும்.”

நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ரகசியம் சோடாபோல வயிற்றுக்குள் பொங்கிக்கொண்டே இருந்தது.

அம்மா காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து கூட்ஸ் ஆட்டோ வந்தது. பலகையைப் படுக்கவைக்க இடம் போதவில்லை. நிற்கவைத்து, பெட்ஷீட் போர்த்தி, கயிறு கட்டி, சித்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டோம். சர்க்கிளில் திரும்பியதும் காற்று ஒரே இழுப்பில் பெட்ஷீட்டைப் பிடுங்கிப் பூக்காரம்மாவின் கூடைமேல் போட்டது.

தெருவே திரும்பியது. யாரோ விசிலடித்தார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் கைகாட்டி ஆட்டோவை நிறுத்தினார்.

“யாவ பிக்சரம்மா இது? ஹீரோயின் யாரு?” எந்தப் படமென்று கன்னடத்தில் விசாரித்தார் அவர்.

“நம்ம அம்மா!” என்று நானும் கன்னடத்திலேயே கத்திவிட்டேன்.

பூக்காரம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு தன் எதிரில் காய்கறிப் பையோடு நின்றவளைப் பார்த்தாள். “அக்காவ்ரே, நீவே தானே இது!”

அங்கே நின்றது அம்மாதான்.

சித்தி சட்டென்று பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு ஒளிய இடமில்லை. அம்மா ரோட்டைக் கடந்து வந்து பையை என் கையில் கொடுத்தாள். படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இந்த போட்டோ உனக்கு எங்கேடி கிடைச்சுது?”

“அலமாரில, அக்கா. பட்டுப்புடவைக்கு அடியில.” பலகைதான் பேசியதுபோல இருந்தது.

பூக்காரம்மா பெட்ஷீட்டை உதறி நீட்டினாள். சித்தி அவசரமாக அதை வாங்கி மூடப்போனாள்.

“மூடாதே. மறுபடியும் பறக்கும். இப்படியே போகட்டும்” என்றாள் அம்மா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்!

பங்களா வரைக்கும் அது எங்கள் வீட்டு ஊர்வலம். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் ஜன்னல்களிலிருந்து கைகள் ஆடின. நான் பதிலுக்குக் கையாட்டிக் கையாட்டிக் களைத்தேன். அம்மா ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, விசில் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கண்காட்சியில் எல்லோரும் அம்மாவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். நான் படத்தில் என்னைத் தேடினேன். மலையடிவாரத்தில் சின்னச் சின்னதாக ஒரு கூட்டத்தையே சித்தி வரைந்திருந்தாள். ரெட்டைச் சடையோடு அவளே இருந்தாள். நான் இல்லை.

“நான் எங்கேம்மா?”

“நீ அப்போ பொறக்கவே இல்லையே.”

எனக்கு அழுகை முட்டியது. இடமில்லாமல் விட்டுவிட்டு இப்படி ஒரு சாக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் இல்லாத ஒரு காலம் இருந்தது, அதில் அம்மா இருந்தாள், ஸ்கூட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவள் இஷ்டமாக இருந்தது என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? முந்தானையைப் பிடித்து, வீட்டுக்குப் போகலாம் வா என்று இழுத்தேன்.

“ஒரு நிமிஷம் இரு” என்றாள் அம்மா, படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.